ஸ்கேன் நார்மல். சரி, பிள்ளை நார்மலா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தடவையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் நம் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேர் என் தங்கை மகளைப் பற்றிப் பேசினார்கள். யார் அந்த மூன்று பேர் என்று அவர்களுக்கே தெரியும், இந்தப் பதிவையும் படிப்பார்கள். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையாம்ல. எட்டு மாசமா வீட்டுல படுத்துக் கெடக்கா. நல்லா நடிக்கிறா." இன்னொருவர், "டிவி பாக்கும்போது மட்டும் தல சுத்தாதாக்கும்?" என்றார். அதற்குள் சாம்பார் வாளி வந்தது, பேச்சு மாறிவிட்டது. விசேஷ வீட்டில் சண்டை வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து நெஞ்சில் முள் மாதிரி குத்துகிறது. அதனால் இங்கே சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க பெரியம்மா" என்றாள்.

நடந்தது இதுதான். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பில் போடும் வேலை அவளுக்கு. வேலை முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது நாய் குறுக்கே ஓடியது. விழுந்தாள். தலையில் ஹெல்மெட் இருந்தது, அதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறாள். ஐந்து நிமிடம் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. ஒரு ராத்திரி வைத்திருந்து, தலையில் லேசான காயம் என்று சீட்டில் எழுதி, வாந்தி வந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த ராத்திரிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

பத்து நாளில் வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரியின் தொகையைப் பார்த்து அடுத்த வரியில் போடுகிறாள். எண்கள் நெளிகின்றன என்கிறாள். மத்தியானத்துக்குமேல் புருவத்துக்கு நடுவில் வலி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தால் குமட்டல். கடைவீதிக் கூட்டத்தில் நடந்தால் தள்ளாடல். இரண்டு பெரிய பில் தப்பாகப் போனது. முதலாளி லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வேறு ஆளைப் போட்டுவிட்டோம் என்றார்.

கண் ஆஸ்பத்திரிக்கும் போனாள். சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் வாசித்தாள். 6/6. கண்ணாடிகூட வேண்டாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் தூக்க மாத்திரை எழுதி, "மனச லேசா வச்சுக்கோம்மா" என்றார்கள். புகுந்த வீட்டில் அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? ஸ்கேனும் நார்மல், கண்ணும் நார்மல். அப்படியென்றால் மனுஷிதான் பொய்.

ஆறாவது மாதம் மதுரையில் இருக்கும் என் பழைய மாணவியிடம் போனில் புலம்பினேன். அவள் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பரிசோதிப்பதுதான் படிப்பும் வேலையும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "டீச்சர், எழுத்து தெரியுதான்னு பாத்திருக்காங்க. கண்ணு எப்படி நகருதுன்னு யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மெஷின் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒரு ஸ்கேல், நுனியில் சின்ன எழுத்து ஒட்டிய குச்சி, செல்போனில் டிக் டிக் என்று தாளம் அடிக்கும் ஆப். அவ்வளவுதான். குச்சியை மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவந்தாள், எழுத்து எப்போது இரண்டாகிறது என்று சொல்லச் சொன்னாள். மூக்குக்கு 5, 6 சென்டிமீட்டர் கிட்டே வரும்வரை ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். என் தங்கை மகளுக்கு 17 சென்டிமீட்டரிலேயே இரண்டாகிவிட்டது. அவள் சொன்னதை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானே பார்த்தேன், வலது கண் பிடி விட்ட மாதிரி வெளிப்பக்கம் விலகிப் போனது. பிறகு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாறி மாறிக் கண்ணைத் தாவ விடச் சொன்னாள். பிறகு எதிரே ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே தாளத்துக்கு ஏற்ப இடம் வலமாகத் தலையை ஆட்டச் சொன்னாள். பத்து ஆட்டத்துக்குள் முகம் வெளுத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நிதானத்துக்கு வர ஒரு சோடாவும் கால் மணி நேரமும் ஆனது.

முடிந்ததும் பிள்ளை அழுதாள். வியாதியை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டினேன். அவள் கேட்டது வேறு. "அப்ப நான் நடிக்கல, இல்ல பெரியம்மா?"

ஆறு மாதத்தில் தன் மேலேயே சந்தேகம் வரும் அளவுக்கு அவளைப் பேசியிருக்கிறோம். பந்தியில் இருந்த மூன்று பேர் மட்டும் இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்த நானும்தான்.

இப்போது கொஞ்சம் பாடம். பழைய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதாக நாம் நினைக்கிறோம். இல்லை. தாவுகிறது, நிற்கிறது, தாவுகிறது. நிற்பது ஏறக்குறைய கால் நொடி. வரி முடிந்ததும் இடது ஓரத்துக்கு ஒரு பெரிய தாவல். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்திலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவில் இரண்டு வருடம் படித்தும் இது எனக்குத் தெரியாது. விரல் வைத்து வாசி என்று சொல்லத் தெரியும், எதற்கு என்று தெரியாது.

ஒரு கண்ணுக்கு ஆறு தசை, இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. பக்கத்துக்கு மூன்று நரம்பு. இவற்றுக்கு உத்தரவு மூளையின் ஒரே மூலையிலிருந்து வருவதில்லை. முன்மூளை, அதன் பின்னால் உச்சிப் பகுதி, சிறுமூளை, தண்டுப் பகுதி, உள்காதின் சமநிலை உறுப்பு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. அந்த வயரிங்கில் எந்த இடத்தில் இழுபட்டாலும் அது கண் அசைவில் தெரிய வாய்ப்பு உண்டு. அதனால்தான் அடிபட்ட மூளையைப் பற்றி விசாரிக்கக் கண் அசைவு ஒரு நல்ல வழி.

நடிப்பு என்று சொன்னவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். எதிர்ச் சுவரில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, நடுவில் தாவாமல், கண்ணை மெதுவாக வழுக்கிக்கொண்டு போங்கள். உங்கள் கண்ணை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். எவ்வளவு முயன்றாலும் துண்டு துண்டாகத்தான் தாவும். இப்போது அவர் விரலை மெதுவாக நகர்த்தட்டும், அதைப் பாருங்கள். கண் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிப் போகும். உங்கள் கண்தான், உங்கள் மூளைதான், ஆனால் நகரும் பொருள் இல்லாமல் அந்த அசைவை உங்களால் வரவழைக்க முடியாது. ஒரு தாவல் கிளம்பிவிட்டால் நடுவழியில் வேகத்தைக் குறைக்கவும் நம்மால் ஆகாது. எல்லாவற்றையும் நடித்துவிட முடியாது என்பதற்குச் சொன்னேன். எண்ணை வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கலாம், அது வேறு. அதனால்தான் ஒரு சோதனையோடு நிறுத்தாமல் நாலைந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

சரி, சி.டி. ஸ்கேன் என்ன சொன்னது? ரத்தம் கசியவில்லை, ஓடு உடையவில்லை, வீக்கம் இல்லை என்றது. உடனே ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதில். தலை சுழன்று நின்றபோது உள்ளே முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டனவா என்று அதைக் கேட்கவும் இல்லை, கேட்டாலும் அதற்குத் தெரியாது. சாதாரண எம்.ஆர்.ஐ.யிலும் பல சமயம் தெரியாது. எடை போடும் தராசில் துணியை வைத்து, மீட்டர் காட்டவில்லை, அதனால் இது துணியே இல்லை என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

அந்த "லேசான" என்ற வார்த்தையும் நம்மை ஏமாற்றுகிறது. 1974-ல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மார்க். 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் லேசான காயம். உலகம் முழுக்க உயிர் காத்த அருமையான அளவு அது. ஆனால் அந்த மார்க் அடிபட்ட நாளில் எவ்வளவு விழிப்பாக இருந்தாள் என்பதற்குப் போட்டது. எட்டாவது மாதம் பில் போட முடியுமா என்பதற்கு அல்ல. சேர்க்கை நாளன்று போட்ட மார்க்கை வைத்து ஆண்டுத் தேர்வு முடிவு சொல்வார்களா? பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது என்பது உண்மை. அந்தப் பெரும்பாலோரில் இல்லாதவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நானும் யோக்கியம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1991-ல் என் நான்காம் வகுப்பில் ஒரு பையன். மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசித்தவன். கோடை விடுமுறையில் வேப்பமரத்திலிருந்து விழுந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். தலையில் தழும்புகூட ஆறிவிட்டது. ஆனால் வாசிக்கச் சொன்னால் தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்துக்கொள்வான். வரி விட்டு வரி தாவுவான். மாடிப்படியில் இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவான். "தலைய நேரா வச்சு வாசிடா" என்று நான் அவன் தலையை என் கையால் நிமிர்த்துவேன். நிமிர்த்தினால் இன்னும் திணறுவான். தேர்ச்சி அட்டையில் "கவனக்குறைவு, சோம்பல்" என்று எழுதினேன். என் கையெழுத்து. அடியும் வாங்கியிருக்கிறான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

மதுரையில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது என் மாணவி பேச்சுவாக்கில் சொன்னாள். கண்ணை அசைக்கும் நரம்புகளில் நான்காம் நரம்பு மிக மெல்லியதாம், மூளையின் பின்பக்கம் கிளம்பி நெடுந்தூரம் சுற்றி வருகிறதாம், தலையில் அடிபட்டால் சுலபமாகக் கெடக்கூடியதாம். அது கெட்டால் பொருள்கள் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியும், அதுவும் கீழே பார்க்கும்போது. புத்தகம் வாசிக்கும்போது, படி இறங்கும்போது. தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் தானாகவே தலையைச் சாய்த்துக்கொள்ளும்.

அந்தப் பையனுக்கு அதுதான் என்று இன்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. ஆனால் அவன் கண்டுபிடித்து வைத்திருந்த வழியை நான் தினமும் கையால் நிமிர்த்திக் கெடுத்தேனோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. பள்ளியில் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தபோது நானே ஆறு மீட்டர் அளந்து கோடு போட்டுப் பிள்ளைகளை நிறுத்தி அட்டையை வாசிக்க வைத்திருக்கிறேன். நல்ல திட்டம். ஆனால் அந்த அட்டை தூரப் பார்வையைத்தான் பார்க்கும். இந்தப் பையன் அதில் ஒவ்வொரு கண்ணையும் மூடி மூடி வாசித்து 6/6 வாங்கியிருப்பான்.

இனி அடுத்த கட்சிக்கு வருகிறேன். என் தங்கை மகள் விஷயம் குடும்பக் குழுவில் தெரிந்ததும் ஒரு விளம்பரத்தை அனுப்பினார்கள். இரண்டு நிமிடத்தில் கண்ணைப் படம் பிடித்து மூளைக் காயத்தை நூற்றுக்கு நூறு சொல்லிவிடுமாம். சொந்தங்களே, இந்தப் பக்கமும் ஏமாறாதீர்கள். அமெரிக்காவில் ஐபாக்ஸ் என்ற கருவிக்கு 2018-ல் அரசு அனுமதி கிடைத்தது. நாலு நிமிடத்துக்கும் குறைவான ஒரு வீடியோவைப் பார்க்க வைத்துக் கண் அசைவைப் பதிவு செய்கிறது. அந்த அனுமதியிலேயே என்ன சொன்னார்கள் தெரியுமா? அடிபட்ட ஒரு வாரத்துக்குள், 5 முதல் 67 வயதுக்காரர்களுக்கு, மற்ற நரம்பியல் பரிசோதனைகளோடு சேர்த்து, துணையாக. எட்டாவது மாதத்துக்கு அதை யாரும் அனுமதிக்கவில்லை. தனியாக வைத்துத் தீர்ப்பு சொல்லவும் அனுமதிக்கவில்லை.

கிங்-டெவிக் சோதனையும் அப்படித்தான். 1976-ல் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்க வந்தது. மூன்று அட்டையில் சிதறிக் கிடக்கும் எண்களை வேகமாக வாசிக்க வேண்டும், எத்தனை நொடி ஆனது, எத்தனை தப்பு என்று கணக்கு. 2011-ல் குத்துச்சண்டை வீரர்களிடம் வைத்துப் பார்த்தார்கள், தலையில் அடி வாங்கியவர்களுக்கு நேரம் கூடியது. நல்லது. ஆனால் விளையாட்டு வீரனுக்குப் போட்டிக்கு முன்பே ஒரு தடவை வாசிக்க வைத்து நேரத்தைக் குறித்து வைத்திருப்பார்கள், அதோடு ஒப்பிடுவார்கள். ஸ்கூட்டியில் போனவளுக்கு முந்தின நேரம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. கண் அசைவு கெட்டிருந்தாலே மூளைக் காயம் என்றும் ஆகாது. தூக்கமின்மை, குடி, வயது எல்லாம் காட்டும். வலிப்பு வராமல் இருக்கத் தலைக்காயத்துக்குப் பிறகு கொடுக்கும் பினைட்டாயின் மாத்திரை அளவு கூடினாலே கண் ஆடும். அடியே படாத பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேருக்கும் கிட்டத்தில் இரண்டு கண்ணும் சரியாகக் கூடுவதில்லை. ஆகவே அடிபடுவதற்கு முன் எப்படி இருந்தாள், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், கழுத்தில் அடி உண்டா, காதில் கோளாறு உண்டா என்று கேட்டு, அதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-ல் வெளியிட்ட முறையில் கண்ணை நகர்த்தச் சொல்லும் ஒவ்வொரு படிக்கும் பிறகு தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மந்தம் நாலுக்கும் பத்துக்கு எத்தனை என்று நோயாளியையே மார்க் போடச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்து வேலை. எனக்குப் பிடித்தது அதில் நோயாளியின் வாய்க்கும் மதிப்பு உண்டு என்பதுதான்.

இதெல்லாம் எதற்கு என்றால் வேலையும் சோறும் இதில் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. தலைக்காயத்தால் வந்த மூளைப் பாதிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. பார்வைக் குறைபாடு என்று போனால் எவ்வளவு தூரம் தெரிகிறது, எவ்வளவு அகலம் தெரிகிறது என்றுதான் அளப்பார்கள். கண் தாவுகிறதா, கூடுகிறதா என்ற கேள்வி அங்கே இல்லை. இவள் அந்த வரிசையில் நின்றால் பூஜ்யம் என்று எழுதி அனுப்புவார்கள்.

ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்கில் அப்படி விட வேண்டியதில்லை. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உடம்பின் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். பில் போடுகிறவளுக்கு வரி பிடிக்கும் கண்தான் தச்சனின் கை. வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். தலைக்காய வழக்கு வந்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் கண் அசைவுப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள் அப்பா.

2021-ல் நம் மாநிலத்தில் இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. மனதாரப் பாராட்டுகிறேன். என் கேள்வி 49-ஆவது மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது. தலையில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும், "மூன்று வாரத்துக்கு மேல் வாசிக்கும்போது தலைவலி, இரட்டைப் பார்வை, வரி தவறுதல் இருந்தால் கண் அசைவைப் பரிசோதிக்கவும்" என்று ஒரு வரி அச்சடித்தால் என்ன செலவாகும்? ஒரு குச்சியும் ஸ்கேலும் இல்லாத தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறதா? அரசு மருத்துவமனைகளில் கண் பரிசோதிப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து அட்டை காட்டுபவர்களிடம் இதையும் பார்க்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தால் போதும். மருத்துவத் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் இதை மேலே யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். மனு எழுதித் தர நான் தயார், என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

தங்கை மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். ஒரு நூலில் மூன்று கலர் மணி கோத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கில் வைத்து ஒவ்வொரு மணியாகப் பார்க்கும் பயிற்சி, இன்னும் சில பயிற்சிகள். வாரம் ஒரு நாள் மதுரை. அமெரிக்காவில் இந்தக் கண் கூடாத கோளாறு உள்ள 221 பிள்ளைகளை 12 வாரம் வைத்துப் பார்த்து 2008-ல் முடிவு சொன்னார்கள். வீட்டில் மட்டும் பென்சிலை வைத்துச் செய்தவர்களைவிட, நேரில் வந்து பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் நன்றாகப் பலன். அவர்கள் அடிபட்ட பிள்ளைகள் அல்ல, அதனால் இவளுக்கும் அதே பலன் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு மாதத்தில் 17 சென்டிமீட்டர் 11 ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் முழுசாக வாசிக்கிறாள். இரண்டாவது பக்கத்தில் இன்னும் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். டிவியைப் பற்றிக் கேட்ட சொந்தத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டிவி பத்தடி தூரத்தில் இருக்கிறது, புத்தகம் ஒரு அடியில். கண்கள் கூட வேண்டியது கிட்டத்துப் பொருளுக்குத்தான்.

இந்தப் பதிவை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "சாம்பார் வாளிய மட்டும் எடுத்துருங்க பெரியம்மா, யாருன்னு தெரிஞ்சிரும்" என்றாள். நான் எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. 1991-ல் நான்காம் வகுப்பு படித்தவர்கள் நாலைந்து பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் பெயரைக் கமெண்டில் போட வேண்டாம். திருப்பூர் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அவன் போன் நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இதைப் படி என்று அவனுக்கு அனுப்பிவிடாதீர்கள், நானே போன் செய்து பேசிக்கொள்கிறேன்.